டீக்கடையில் சொன்ன தேதி

லெவல் கிராசிங் கேட்டுக்கு மேற்கே, எங்கள் சைட் ஆபீஸிலிருந்து நூறடி தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அண்ணாச்சி கடை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு முதல் டீ அங்கேதான். கிளாஸை நீட்டும்போதே அண்ணாச்சி கேட்பார்: "என்ன சார், பாலம் எப்பம் முடியும்?"

மூன்று வருஷமும் மூன்று மாதமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் போகும் அறிக்கையில் ஒரு தேதி, ஆய்வுக் கூட்டத்தில் வேறொரு தேதி, அண்ணாச்சியிடம் மூன்றாவதாக ஒரு தேதி. எல்லாம் முடிந்தபிறகு பழைய கோப்புகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். டீக்கடையில் சொன்னதுதான் ஏறக்குறைய சரியாக இருந்தது.

நான் பிளானிங் இன்ஜினியர். தென் மாவட்டத்தில் ஒரு ரயில்வே மேம்பாலம். ஊர் பெயர் வேண்டாம். 2015 ஜூனில் வேலை ஆரம்பம். ஒப்பந்தப்படி 24 மாதம். ஆனது 39 மாதம். மேம்பால வேலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள், "பரவாயில்லையே" என்பார்கள்.

அந்த 24 எப்படி வந்தது? டெண்டரில் இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் செய்ததெல்லாம் வேலைகளை அந்த 24 மாதத்துக்குள் மடித்து வைத்ததுதான். பெட்டி மூடவில்லை என்றால் மேலே ஏறி உட்கார்ந்து மூடுவோமே, அந்த மாதிரி. பைல், அதாவது அஸ்திவாரத்துக்கு மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், மொத்தம் 96. துளைபோட ஒரு ரிக் இயந்திரம், ஒரு பைலுக்கு ஒன்றரை நாள் என்று போட்டேன். ஒன்றரை நாள் என்பது மண் ஒத்துழைத்து, ரிக் பழுதாகாமல், கம்பிக்கூடு தயாராக இருந்து, மிக்சர் லாரி கேட்டில் மாட்டிக்கொள்ளாமல் வருகிற நாளின் கணக்கு. அப்படி ஒரு நாள் வரும், வந்தது. 96 தடவை வருமா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். 14 மீட்டரில் பாறை தட்டிய பிறகு ஒரு பைலுக்கு நான்கு நாள் உளிபோட்டு இடித்தோம்.

உளவியலாளர் டேனியல் கானமன் தன் வாழ்க்கையில் நடந்ததாக ஒரு கதை சொல்லியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ஒன்றை எழுத ஒரு குழு சேர்கிறது. எத்தனை நாளாகும் என்று கேட்டபோது எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு அக்கம்பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் குழுவிலேயே பாடத்திட்ட அனுபவசாலி ஒருவர் இருந்தார். இதுமாதிரி மற்ற குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று அவரிடம் கேட்கிறார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, குறைந்தது ஏழு வருஷம், பலபேர் முடிக்கவே இல்லை என்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவரும் சற்றுமுன் இரண்டு வருஷம் என்றுதான் எழுதியிருந்தார். புத்தகம் முடிய அதற்குப்பின் எட்டு வருஷம் ஆனது. கானமனும் அவருடைய சகா ட்வெர்ஸ்கியும் 1979லேயே இந்தப் புத்திக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: திட்டமிடுவதில் வரும் மயக்கம்.

இதை நான் படித்தது பாலம் முடிந்தபிறகு. ஆனால் படித்திருக்கத் தேவையே இல்லை. எங்கள் தலைமை அலுவலக அலமாரியில் முடிந்துபோன மூன்று மேம்பாலங்களின் கோப்புகள் இருந்தன. ஒன்றுகூடக் கெடுவுக்குள் முடியவில்லை. மூன்றில் நன்றாக ஓடிய வேலையே பத்து மாதம் தாமதம். எந்த வேலை எப்போது என்று காட்டும் சார்ட்டைப் போடும்போது அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய் அங்கேதான் நுழைகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி தன் தொழிற்சாலை வேலைகளுக்காகவும், அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகவும், தனித்தனியே ஏறக்குறைய ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தன. ஒரு திட்டத்தில் ஆயிரம் வேலை இருக்கலாம். ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகப் போகிற ஒரு நீளமான வரிசை இருக்கும். கிரிட்டிகல் பாத் என்பது அதைத்தான். அந்த வரிசையில் ஒரு நாள் போனால் முடியும் தேதியில் ஒரு நாள் போகும். மற்ற வேலைகளில் பத்து நாள் போனாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் பாலத்தில் பைல், பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் கேப், தூண், தண்டவாளத்துக்கு மேலே போகும் இரும்பு உத்தரமான கர்டர், அதன்மேல் தளமாகப் போடும் ஸ்லாப் என்று போவதுதான் அந்தச் சங்கிலி. சர்வீஸ் ரோடு ஓரத்து வடிகால் இரண்டு மாதம் தள்ளிப்போனால் பாலத்துக்கு ஒரு கேடும் இல்லை.

சரி. இப்போது ரிக் பழுது. பம்ப் பார்ட்ஸ் புனேயிலிருந்து வரவேண்டும், 12 நாள். ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? வடிகால் வேலைக்கு அனுப்புவோம். 12 நாளில் 200 மீட்டர் வடிகால் முடிகிறது. மாத அறிக்கையில் மொத்த வேலை 31 சதவீதத்திலிருந்து 34 ஆகிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் திருப்தி. பாலம் 12 நாள் பின்னால் போயிருக்கிறது. அதைக் காட்டுவதற்கு அந்த அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இன்னொன்று, சதவீதத்தைப் பணக்கணக்கில் போட்டால் சைட்டில் வந்து இறங்கிய கம்பிக்கட்டுகூட முன்னேற்றம் ஆகிவிடும். 60 டன் கம்பி மழையில் நனைந்துகொண்டு கிடக்கும், சதவீதம் ஏறியிருக்கும்.

எங்கள் பி.எம். (புராஜெக்ட் மேனேஜர்) சார் பழைய ஆள். எனக்கு முதல் வாரமே ஒரு நீளமான நோட்டைக் கையில் கொடுத்தார். ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர். அரசு வேலைகளில் இது இருந்தாக வேண்டும்: எந்தத் தடை, எந்தத் தேதி வந்தது, எந்தத் தேதி விலகியது, மொத்தம் எத்தனை நாள், வேறு தடையோடு ஒரே சமயத்தில் விழுகிற நாள் எத்தனை, அதைக் கழித்தால் நிகரம் எத்தனை, இரண்டு தரப்புக் கையெழுத்து. இந்த நோட்டை வைத்துத்தான் பின்னால் கால நீட்டிப்பு கேட்க முடியும். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அபராதம்; பல ஒப்பந்தங்களில் அது மொத்த மதிப்பில் 10 சதவீதம் வரை போகும். ஆனாலும் பெரும்பாலான சைட்டுகளில் இதைக் கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதுவார்கள். மூன்று வருஷத்து மழையை மூன்று நாளில் பெய்ய வைப்பார்கள்.

முதல் நாள் நான் "மழை, வேலை நடக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போனேன். சார் படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தள்ளினார்.

"மழைன்னு எழுதினா மழை பேஞ்சதுதான் தெரியும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எந்தக் குழியில தண்ணி, பம்ப் எத்தனை ஓடுச்சு, எப்ப வத்துச்சு, எத்தனை பேர் சும்மா உட்கார்ந்தாங்க. அதை எழுது தம்பி."

அன்றிலிருந்து எழுதினேன். இன்று அந்த நோட்டின் ஜெராக்ஸைப் புரட்டினால் தென் தமிழ்நாட்டின் மூன்று வருஷ நாட்குறிப்பு மாதிரி இருக்கிறது. 2015 நவம்பர் முழுக்கத் தண்ணீர். அப்புறம் 7ஆம் தூண். வரைபடத்தில் சாலைக்கு வடக்கே போவதாக இருந்த குடிநீர்க் குழாய் உண்மையில் தெற்கே இருந்தது. ஜேசிபி பல் பட்டதும் தென்னை உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. பத்து நிமிஷத்தில் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து குடங்களோடு வந்துவிட்டார்கள். எங்களைத் திட்டிக்கொண்டே பிடித்தார்கள், பிடித்துக்கொண்டே திட்டினார்கள். குழாயை மாற்றிப் போடக் கடிதம், மதிப்பீடு, பணம் கட்டுவது, டெண்டர் என்று 97 நாள். ஆனால் அந்த நாட்களில் மற்றத் தூண்களில் வேலை நடந்ததால் ரிஜிஸ்டரில் நிகரத் தடை 41 நாள்தான் ஏறியது. இந்தக் கழித்தலைச் செய்யச்சொன்னதும் சார்தான். எதிர்த்தரப்பு கழிக்கும் முன்பு நாமே கழித்துவிட்டால் மிச்சமுள்ள 41ஐ யாரும் தொடமாட்டார்கள் என்பார். அப்படியே நடந்தது.

2015இல் சூடுபட்டதால் 2016 வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதத்தைக் காலியாக ஒதுக்கி வைத்தேன். நம் மாநிலத்துக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில்தானே வருகிறது. பெருமையாக இருந்தது. மழை வரவில்லை. அந்த வருஷம் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, கான்கிரீட்டுக்கு நீராற்றவே லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினோம். மழைக்குப் பதிலாக நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வேறொன்று வந்தது: 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. சனிக்கிழமை கூலி பட்டுவாடா ரொக்கத்தில். கம்பி கட்டுகிற பீகார், வங்காளப் பையன்களில் பாதிப்பேருக்கு இங்கே வங்கிக் கணக்கு கிடையாது. சத் பூஜைக்குப் போனவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள், இருந்தவர்கள் ஏடிஎம் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 5இல் முதலமைச்சர் மறைவு, கடையடைப்பு. ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், ஜல்லி லாரி வரவில்லை. இதை எந்த சார்ட்டில் போடுவது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோட்டு செல்லாது என்று வரும் என யாராலும் திட்டமிட முடியாது. ஆனால் மழைக்கென்று வைத்த அந்த இரண்டு மாதம் காலியாக இருந்ததால்தான் அந்த அடியைத் தாங்கினோம். அவகாசத்துக்கு மழை என்று பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான். பெயர் தப்பு, அவகாசம் சரி. எங்கள் தொழிலில் கஷ்டம் என்னவென்றால், "எதற்கென்று தெரியாது, ஆனால் இரண்டு மாதம் வேண்டும்" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். மழை என்றால் தருவார்கள்.

இதுவரை வந்ததெல்லாம் வெளியிலிருந்து வந்த தாமதம். அதை எழுத வெட்கம் இல்லை, நோட்டு இருக்கிறது. நான் சொல்ல வந்தது கர்டர் விஷயம். அது என் கையால் ஆனது.

தண்டவாளத்துக்கு மேலே 36 மீட்டர் இரும்பு கர்டர்கள். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்துகொண்டிருந்தார்கள். 2017 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ராத்திரி ரயில்வே மூன்று மணி நேர லைன் பிளாக் கொடுத்திருந்தது. லைன் பிளாக் என்றால் அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது; கூடவே மேலே போகும் மின்கம்பியிலும் கரண்டை நிறுத்திவிடுவார்கள், அதற்குள் கர்டரைத் தூக்கி வைத்துவிட வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிற விஷயம் இல்லை அது. எத்தனை ரயிலை நிறுத்தி, எத்தனை பேரை வரவழைத்து ஏற்பாடு செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் முதல் வாரத்தில் பட்டறைக்குப் போன் செய்தேன். "90 சதவீதம் முடிஞ்சிருச்சு சார்." அறிக்கையில் 90 என்று எழுதினேன். ஜூன் கடைசியில் கேட்டேன். "92 சார். ஜிஎஸ்டி வருது இல்ல, அந்தக் குழப்பத்துல ரெண்டு நாள் போச்சு." 92 என்று எழுதினேன். ஜூலை நடுவில் 95. என் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. இருந்தாலும் 95 என்று எழுதினேன். ஏதாவது சொன்னால் கூட்டத்தில் கேள்வி வரும். இன்னும் ஒரு வாரம் போகட்டும், பட்டறைக்காரர் சமாளித்துவிடுவார், அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று நினைத்தேன். நல்ல செய்தியாக மாறிவிடும் என்ற நம்பிக்கையில் கெட்ட செய்தியை அமுக்கி வைப்பது எங்கள் தொழிலில் தினசரி நடப்பது. தனியாக ஒரு கெட்டவன் தேவையில்லை அதற்கு.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன்: "ஆகஸ்ட்ல கர்டர் ஏறாது அண்ணாச்சி. தீபாவளி தாண்டும்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அன்று மத்தியானம் அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஆகஸ்ட் என்றே போட்டேன். இதில் எனக்கு அப்போது ஒரு முரணும் தெரியவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜூலை கடைசியில் நேரில் பட்டறைக்குப் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. டன் கணக்கில் பார்த்தால் 95 சதவீத இரும்பு வெட்டி, வெல்டிங் செய்து முடிந்திருந்தது. ஆனால் எல்லாத் துண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் டிரயல் அசெம்பிளி நடக்கவில்லை. அதைப் பார்க்க ரயில்வே தரப்பிலிருந்து ஆய்வுக்கு வரவேண்டும்; அழைப்புக் கடிதமே போகவில்லை. அதன்பின் துருப்பிடிக்காமல் இருக்க அலுமினியத் தெளிப்பு, பெயின்ட். மிச்சம் 5 சதவீத எடை, பத்து வாரத்து வேலை. மென்பொருள்காரர்களிடம் இதற்கு ஒரு கேலி உண்டு. பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் சொன்னது: முதல் 90 சதவீத வேலைக்கு 90 சதவீத நேரம் ஆகும், மிச்சம் 10 சதவீதத்துக்கு இன்னொரு 90 சதவீத நேரம் ஆகும். அதைச் சொன்னவர் நிச்சயம் ஒரு பட்டறைக்குப் போன் பண்ணியிருப்பார்.

பிளாக் ரத்தானது. அதற்குள் கிரேன் பாதி வழி வந்துவிட்டது. பெரிய கிரேன் ஒரே வண்டியாக வராது, பகுதி பகுதியாக டிரெய்லர்களில் வரும். வந்தது வந்து ஒன்பது நாள் நின்றது, வாடகையோடு. அடுத்த பிளாக் நவம்பரில்தான் கிடைத்தது.

சார் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"முடியாதுன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம் நேர்ல பார்த்தப்பதான் சார் தெரிஞ்சது."

"தெரிஞ்சத கேட்கல. சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"ஜூன் கடைசியில சார்."

"அந்தச் சந்தேகத்துக்குத்தான்பா உனக்குச் சம்பளம். தெரிஞ்சதைச் சொல்ல வாட்ச்மேன் போதும்."

ஜூன் கடைசியில் சொல்லியிருந்தால் கர்டர் சீக்கிரம் வந்திருக்காது. அது அதன் பாட்டுக்கு அக்டோபரில்தான் வந்திருக்கும். ஆனால் கிரேன் கிளம்பியிருக்காது. பிளாக்கை முன்கூட்டியே மாற்றிக் கேட்டிருக்கலாம், அக்டோபர் கடைசியிலேயே கிடைத்திருக்கவும்கூடும். ஸ்லாப் சென்ட்ரிங் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பியிருக்கலாம். தாமதம் பட்டறையில் நடந்தது. செலவு, நான் வாயைத் திறக்காத அந்த ஐந்து வாரத்தில் நடந்தது.

அதற்குப்பிறகு என் அறிக்கையிலிருந்து சதவீதத்தை எடுத்துவிட்டேன். தலைமை அலுவலகம் கேட்டது, அவர்களுக்குத் தனியாக ஒரு எண் அனுப்பினேன். அதை யார் என்ன செய்தார்களோ. சைட் அறிக்கையில் எண்ணக்கூடியது மட்டும்: ஸ்லாப் போட்ட கண் (இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள பகுதி) எத்தனை, போடாதது எத்தனை. பாதி போட்ட கண்ணுக்குப் பூஜ்யம். வெல்டிங் முடிந்து ஆய்வு முடியாத கர்டருக்கும் பூஜ்யம். அப்புறம் கடைசியில் ஒரு பத்தி, "சந்தேகங்கள்" என்ற தலைப்பில். நிரூபிக்க வேண்டியதில்லை, காரணம்கூட வேண்டாம், எது உறுத்துகிறதோ எழுதலாம். முதல் மாதம் நான் மட்டும் எழுதினேன். மூன்றாம் மாதம் போர்மன் வந்து, "சார், எனக்கும் ஒண்ணு இருக்கு, எழுதிக்கிடுங்க" என்றார். வெயிலில் ஸ்லாப் விரிய இடம்விட்டு நடுவே வைக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதன் சப்ளையர் போனை எடுப்பதில்லையாம். அது எங்களுக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியது.

பாம்பன் பாலத்தை வைத்து வாட்ஸப்பில் ஒன்று சுற்றும், பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் உடைந்த பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார், புதுப் பாலத்துக்கோ 2019இல் அடிக்கல் நாட்டி 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள் என்று. அது அநியாயமான ஒப்பீடு. ஒன்று, நின்றுகொண்டிருந்த தூண்கள்மேல் கடலில் விழுந்த கர்டர்களையே தேடியெடுத்து மறுபடி ஏற்றியது. இன்னொன்று, 72.5 மீட்டர் கண்ணை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிற புது வேலை, நடுவில் கொரோனா. எனக்கு அந்த 46 நாளைவிட, பின்னாளில் அதே மனிதர் கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் வைத்த கடிகாரம்தான் பெரிதாகப் படுகிறது. முடிக்க இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி ஓடும் பலகை, சைட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி. அதில் 95 சதவீதம் என்று எழுத இடமே இல்லை.

எங்கள் சைட்டில் அப்படிப் பலகை வைக்கவில்லை. அண்ணாச்சி இருந்தார்.

கர்டர் ஏறிய மறுநாள் காலை, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு கடைக்குப் போனேன். அன்று டீக்குக் காசு வாங்கவில்லை. "இப்பம் சொல்லுங்க சார்" என்றார். அப்போதுதான் அவர் ஏன் தினமும் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருடைய வியாபாரமே கேட் மூடுகிற நேரத்தில்தான். வண்டிகள் நின்றால் டீ, வடை. பாலம் திறந்தால் கடை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். எப்போது அட்வான்ஸ் கொடுப்பது என்பதற்காகத்தான் இரண்டரை வருஷமாகத் தேதி கேட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரம் கொடுத்தால் இரண்டு வாடகை, தாமதித்தால் இடம் போய்விடும். என் தேதியை நம்பித் திட்டம் போட்ட ஒரே ஆள்.

நிதானமாக யோசித்துச் சொன்னேன். "அடுத்த ஆவணி பிறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும் அண்ணாச்சி."

"ஆடியில கடை மாத்த முடியாது. அப்பம் ஆவணி மொத முகூர்த்தத்துல பால் காய்ச்சிருதேன்."

2018 ஆவணி முதல் முகூர்த்தத்தில் புதுக் கடையில் பால் காய்ச்சினார். போய்வந்தேன். பாலம் அன்றைக்கு முடியவில்லை. லைட் கம்பத்துக்கு மின் இணைப்பு, பெயின்ட் கோடு, அப்புறம் எல்லாம் தயாராகியும் திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காமல் காத்திருந்தது என்று ஆவணி கடைசிக்குப் போய்விட்டது. கேட்டில் வழக்கம்போல வண்டிகள் நின்றன. டீக்கடை இருந்த இடத்தில் அடுப்புக் கல் மூன்றும் கரியும் மட்டும் கிடந்தன. அந்த மூன்று வாரமும் காலை ஆறு மணிக்கு டீ இல்லாமல்தான் சைட்டுக்குப் போனேன். ரிஜிஸ்டரில் இதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.